கோலார் மண்மேடுகள்: பொன் போனபின் மிஞ்சுவது யாருக்கு?

கோலார் தங்கவயல் தமிழர் வியர்வையால் எழுந்த ஊர். 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற ஏழைத் தமிழர்களே பாறையைக் குடைந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்திலிருந்து பொன் வெளியே வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பொன் போயிற்று, 13 கழிவு மேடுகள் நின்றன. ஊர் மக்கள் அவற்றைச் 'சயனைடு மேடு' என்கின்றனர். ஏறத்தாழ 3.3 கோடி டன் நுண்மண்! காற்றடி காலத்தில் அது பறந்து தொழிலாளர் குடியிருப்புகளில் படிகிறது.

2024 ஜூனில் இம்மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மகிழத்தக்க செய்திதானா? ஒரு டன் மண்ணில் கிடைப்பது ஒரு கிராம் அளவிலான பொன்னே. எஞ்சிய மண் முழுவதும் எங்கே போகும்? இக்கேள்விக்கு விடை இல்லாத திட்டம், பழைய அநீதியின் இரண்டாம் பதிப்பேயாகும்.

விடை தங்கவயலிலேயே உண்டு. இம்மண்ணைச் சிமெண்டுடனும், செம்மண், கரிசல் மண்ணுடனும் கலந்து செங்கல் செய்யலாம் என்பதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் மேடுகள் மேடுகளாகவே நிற்கின்றன. "விலை கட்டாது" என்பர் சிலர். ஆற்று மணலும் வயலின் மேல்மண்ணும் மலிவாகத் தோன்றுவது, வறண்ட கிணற்றையும் பாழான நிலத்தையும் எவரும் கணக்கில் எழுதாததால்தான். தொழிலாளியின் நுரையீரலும் அக்கணக்கில் இல்லை.

அதே வேளை, "கழிவு கரைந்தால் போதும்" என்று அள்ளிக் கொடுப்பதும் குற்றமே. கனடாவில், தமிழர் செறிந்து வாழும் டொராண்டோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள போர்ட் ஹோப் நகரம் அதற்குச் சான்று. அங்கு ரேடியம், யுரேனியம் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு, சோதனையின்றி வீடுகளுக்கும் தெருக்களுக்கும் நிரப்பு மண்ணாயிற்று. 1975-இல் ஒரு தொடக்கப்பள்ளியில் ரேடான் வாயு மிகுந்திருக்கக் கண்டு பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். 2012-இல் அப்பகுதியின் தூய்மைப் பணிக்குக் கனடிய அரசு அறிவித்த தொகை 128 கோடி டொலர். இலவச மண்ணின் விலை அது!

ஆகவே கோரிக்கை தெளிவானது. பொன் எடுக்க உரிமம் பெறுவோர், எஞ்சும் மண்ணுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஆர்செனிக், சயனைடு கசிவு, சிலிக்கா தூசு ஆகியவை சோதிக்கப்பட்டு, முடிவுகள் தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்பட வேண்டும். தேறிய மண்ணே செங்கல்லாக வேண்டும். தேறாதது பாதுகாப்பாக மூடப்பட வேண்டும். அவ்வேலையில் முதலுரிமை பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கே உரியது.

புலம்பெயர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைப்பதில் பெருமை கொள்கின்றனர். அப்பிள்ளைகளின் இறுதியாண்டு ஆய்வுக்கு இதைவிடத் தகுந்த பொருள் ஏது? பாட்டன்மார் தோண்டிய மண் பேரப்பிள்ளைகளின் அறிவுக்காகக் காத்திருக்கிறது. அதைச் சுவராக்குவதா, மூச்சில் கலக்க விடுவதா என்பதே இன்றைய கேள்வி.