சுருக்குப்பையும் பேரேடும்

சென்ற மாதம் எங்கள் கிளையிலிருந்து ஒரு காலனிக்குப் போயிருந்தோம். நிதி எழுத்தறிவு முகாம் என்று பேனர். சிறுதொழில் செய்யும் பெண்கள் முப்பது பேர் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் பேசினார். சிக்கனம், ஒழுங்கு, விடாமுயற்சி, வெற்றிபெற்ற பெண்களிடம் இருக்கும் நல்ல பழக்கங்கள். அதில் முதல் பழக்கம் விடியற்காலையில் எழுந்திருப்பதாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? மூணு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கும் இட்லிக் கடைக்காரிகள், முதல் பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு ஏறுகிறவர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார்: "அப்ப நாங்க எப்ப சார் தூங்கறது?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேலாளர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். சம்பளம் வாங்குகிறவனின் சிரிப்பு அவ்வளவுதான்.

என் அம்மா ஆப்பக்கடை போட்டு என்னைப் படிக்கவைத்தவர். சுருக்குப்பைக்குள் மூன்று முடிச்சு வைத்திருப்பார். ஒன்று அரிசிக்கு, ஒன்று தண்டல்காரனுக்கு, ஒன்று வீட்டுக்கு. 'கைமுதல்ல கை வைக்காத' என்பது அவர் எனக்குச் சொன்ன பொருளாதாரம். அந்த அம்மாவே ஒருநாள் அரிசி முடிச்சை அவிழ்த்து என் பரீட்சைப் பணத்தைக் கட்டினார். மறுநாள் கடை இல்லை. அடுத்த வாரம் தண்டல். ஒழுங்கு இல்லாததால் விழுந்தவர் இல்லை அவர். விழும்போது பிடிக்க நாலாவது முடிச்சு ஒன்று இல்லாததால் விழுந்தவர்.

தண்டல் கணக்கை ஒருமுறையாவது நாம் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் கடன். 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவான். தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள். கேட்கும்போது நூற்றுக்குப் பதினைந்து என்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் அவள் கையிலா இருக்கிறது? தினம் தினம் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது. சராசரியாக அவள் கையில் புழங்கியது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. வருஷத்துக்குப் பார்த்தால் நூற்றிருபது சதவீதத்துக்குக் குறையாது. தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் வந்தாயிற்று. தண்டல்காரன் இன்னமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் வருகிறான். நேரம் தவறாமை என்ற வெற்றிப் பழக்கம் அவனிடம் இருக்கிறது!

சரி, வங்கிக்கு வரட்டும் என்பார்கள். வந்தார்கள். ஒரு கருவாட்டுக்கார அம்மா முத்ரா கடன் ஐம்பதாயிரம் கேட்டு வந்தார். 2015இல் தொடங்கிய திட்டம் அது. பிணை கேட்கக்கூடாது என்பது விதி. "வீட்டுப் பத்திரம் கொண்டாம்மா" என்றார் அதிகாரி. காலனி வீட்டுக்குப் பட்டாவே இல்லை, பத்திரத்துக்கு எங்கே போவது? விதி எனக்குத் தெரியும். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு கவிதை எழுதினேன். அந்தக் கவிதையால் அந்த அம்மாவுக்கு ஐந்து பைசா பிரயோசனமில்லை.

சாதி, கடன் கொடுக்கும் இடத்தில் மட்டுமா நிற்கிறது? சமைப்பது யார் கை என்று பார்க்கிற ஊர் இது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவினாசிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், தலித் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் தகராறு செய்தார்கள். அரசாங்க உலைக்கே இந்தக் கதி என்றால், சேரிப் பெண் சொந்தமாகப் போடும் இட்லிக் கடைக்கு யார் வருவார்கள்? இந்தச் சந்தையை எந்தப் பழக்கத்தால் ஜெயிப்பது? வெற்றிப் பாடம் நடத்துகிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

இதுவரை தோழர்கள் தலையாட்டுவீர்கள். இனிமேல்தான் சண்டை.

சுயஉதவிக் குழுக்களெல்லாம் நம் பெண்களின் போராட்ட உணர்வை மழுங்கடிக்க வந்தவை என்று நம் கூட்டங்களில் பேசுகிறோம். பாதி உண்மை. 1989இல் தருமபுரியில் இங்கே தொடங்கியதும், 1992இல் நபார்டு வங்கிகளோடு குழுக்களை இணைத்ததும் நல்ல எண்ணத்தோடுதான் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தடத்திலேயே நுண்கடன் கம்பெனிகளும் நுழைந்தன. 2010இல் ஆந்திராவில் தற்கொலைகளுக்குப் பிறகுதான் அரசு அவசரச் சட்டம் போட்டது. வீட்டு வாசலில் வந்து மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டிலும் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. எல்லாம் சரி. அதற்காகக் கணக்குப் பார்ப்பதே முதலாளித்துவம் என்று பேசுகிறோமே, அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப்போல ஒன்றாம் தேதி சம்பளக்காரர்கள். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் புத்தகமே எழுதியவர் அண்ணல். அவர் படத்தை மாட்டிக்கொண்டு வட்டிக் கணக்குத் தெரியாமல் இருப்பது என்ன பெருமை? (நம் பத்திரிகைகள் மூணாவது இதழோடு நின்றுபோவதற்கு அரசு அடக்குமுறை மட்டும் காரணமில்லை. சந்தாக் கணக்கு எழுத ஆளில்லாததும்தான்.)

இன்னொன்று, ஆண் தோழர்களுக்கு. அக்கா பெயரில் எடுத்த கடனில் மாமா பைக் வாங்குகிறார். தவணை அக்காவுக்கு. ஏடிஎம் கார்டு மாமா சட்டைப்பையில். இது நம் தெருவிலும் நடக்கிறது, பேசுகிறவர்கள் வீட்டிலும் நடக்கிறது. குடும்பத்தின் மாதக் கடன் தவணையெல்லாம் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு வரையறை வைத்தது. அந்தப் பாதியை யார் குடிக்கிறார்கள், யார் கட்டுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி கேட்காது. நாம் கேட்கலாம்.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் உட்கார்ந்து நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறோம். கைமுதல், வரவு, செலவு, கடன் சொல்லிப் போனவர்கள். கடைசியாக 'என் கூலி' என்று ஒரு கட்டம். இட்லிக் கடை அக்கா அதைக் காலியாகவே விட்டிருந்தார். "எனக்கு நானே கூலியா தம்பி?" விறகு சுமந்தது, மாவரைத்தது, விற்றது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முன்னூறு போட்டோம். அரிசி, உளுந்து, விறகோடு கூட்டினால் ஐந்து ரூபாய் இட்லி நஷ்டத்தில் ஓடுகிறது. இத்தனை வருஷம் அவர் உழைப்பைத்தான் ஊர் பிட்டுத் தின்றிருக்கிறது.

"ஆறு ரூபாய்னா ஊர்க்காரங்க வரமாட்டாங்களே."

"இப்ப மட்டும் வந்து குவியறாங்களாக்கும்" என்றார் பக்கத்திலிருந்த பூக்கார அக்கா.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போனேன். சிலேட்டில் ஆறு ரூபாய் என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. நாலு இட்லி தின்றுவிட்டுப் பழக்கத்தில் இருபது ரூபாயை நீட்டினேன்.

"இன்னும் நாலு ரூபா குடு தம்பி" என்றார்.