ஊர் தேடிச் செல்லும் வைத்தியம்

கிராமந்தோறும் சென்று வைத்தியம் புரியும் மோட்டார் வண்டியை வாங்கித் தருவார் உளர்; அதனை மூன்றாம் ஆண்டிலும் ஓடச் செய்ய உதவுவார் அரியர். 1899ம் ஆண்டில் அமெரிக்கத் தனவந்தர் ராபர்ட் ஷெல், ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் 10,000 டாலர் அளித்தார். 1902ல் வேலூரில் எழுந்த ஆஸ்பத்திரிக்கு அவருடைய காலஞ்சென்ற மனைவியாரின் பெயர் இடப்பட்டது. தக்கதே. பின்னர் அம்மையார் 1909 முதல் மோட்டாரிற் சென்று, குடியாத்தஞ் சாலையோரத்து மரநிழல்களில் நோயாளரைப் பார்த்தார். அங்கே புண்ணுக்குக் கட்டிய துணியில் எவர் பெயரைப் பொறிப்பது!

2013ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெருலாபம் பெறும் கம்பெனிகள் தம் மூவாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைப் பொதுநலத்திற்குச் செலவிடல் வேண்டும். அதை நாடி விண்ணப்பிப்போர் வண்டியின் விலையைப் பெரிதாய் எழுதுகின்றனர். தாதியின் சம்பளம், ஓட்டுநர் கூலி, பெட்ரோல், மாத்திரை இவற்றைக் கூசிக் கூசிக் கடைசியில் சேர்க்கின்றனர். கூச்சம் எதற்கு? நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஓராண்டு மானியத்தோடு நீங்கிவிடும் நோய்களல்லவே. மானியம் தீர்ந்த மாதமே மாத்திரையும் தீர்கிறது. நோயாளியோ வழக்கமான கிழமையில் சாலையோரம் வந்து காத்திருக்கிறார்.

நம் பழைய மாணவர்கள் இத்தகைய வண்டியொன்று வாங்கக் கருதுவராயின், மூவாண்டுச் சம்பளப் பணத்தை முதலிற் சேர்த்து, வண்டியைப் பின்னர் வாங்குமாறு வேண்டுகிறோம்.