பையோடு போகும் துப்பாக்கி

போன ஞாயிற்றுக்கிழமை சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் பாயசம் வருவதற்குள், அன்றைய பேப்பரில் வந்திருந்த பாலியல் வன்கொடுமைச் செய்தி பேச்சில் வந்துவிட்டது. எதிர் இலையில் இருந்த சித்தப்பா, "இதுக்கெல்லாம் ஒரே வழிதாம்மா. பொம்பளப் பிள்ளைங்க ஆளுக்கொரு குட்டி ரிவால்வரை ஹேண்ட்பேக்ல போட்டுக்கணும். அப்புறம் எவன் கிட்ட வருவான்?" என்றார். பந்தியில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். கல்லூரியில் படிக்கும் என் அத்தை மகளும் ஆட்டினாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சித்தப்பா, என் பையைப் பிடுங்கிட்டுப் போனானுங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேறம்மா."

இரண்டும் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன், இரவு ஒன்பது மணி இருக்கும், திருச்சி தில்லைநகரில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். பின்னால் பைக் சத்தம். திரும்புவதற்குள் தோளில் ஒரு வெட்டிழுப்பு. குப்புற விழுந்தேன், முழங்கை வழண்டு ரத்தம். எழுந்து நிமிர்ந்தபோது பைக் தெருமுனை தாண்டிவிட்டது. கத்துவதற்குக்கூட நேரமில்லை. பையில் போன், சில்லறையோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் பணம், கண்ணாடி, வீட்டுச் சாவி. அதில் ஒரு ரிவால்வரும் இருந்திருந்தால்? அந்த இரண்டு பேர் கையில் அன்றிரவு ஆறு குண்டு போட்ட ரிவால்வரும் இருந்திருக்கும், என் வீட்டுச் சாவியும் இருந்திருக்கும்.

பந்தியிலேயே சித்தப்பா போனில் ஒரு துப்பாக்கிப் படத்தைக் காட்டினார். அதன் பெயர் 'நிர்பீக்'. டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை பெண்களுக்கென்று கொண்டுவந்த .32 ரிவால்வர். எடை அரைக் கிலோ. அப்போது விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அழகான பெட்டியில் வைத்து விற்றார்கள். அந்தப் பெண்ணுக்குச் சூட்டிய 'நிர்பயா' என்ற பெயருக்கு ஒத்த பொருளில் பெயர் வைத்தார்கள். அந்தப் பெண்ணின் சாவை ஒரு சரக்குக்கு விளம்பரமாக்கியதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2012 டிசம்பர் 16 இரவு, வீடு வரை வர ஆட்டோ கிடைக்காமல்தான் அவள் அந்தத் தனியார் பஸ்ஸில் ஏறினாள். அவளுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது ஒழுங்கான ஒரு பஸ். பஸ் விடவேண்டிய அரசாங்கம் துப்பாக்கி செய்து, அதையும் அவளைப் போன்றவர்கள் தலையிலேயே கட்டியது.

சின்னதாக இருந்தால் பெண்களுக்குச் சுலபம் என்கிறார்கள். துப்பாக்கியைக் கையில் பிடித்தே பார்க்காதவர்கள் சொல்வது இது. ரிவால்வர் எவ்வளவு லேசோ அவ்வளவுக்குச் சுடும்போது பின்னால் உதைக்கும். குழல் குட்டையாக இருந்தால் குறியில் நூலிழை பிசகினாலும் குண்டு எங்கோ போகும். சுத்தியலைக் கையால் பின்னுக்கு இழுக்காமல் நேராக விசையை அழுத்திச் சுடுவதென்றால், நான்கைந்து கிலோ பாரத்தை ஒற்றை விரலால் இழுப்பதற்குச் சமம். அதையும் கை நடுங்கும்போது, இருட்டில், ஒருவன் கழுத்தைப் பிடித்திருக்கும்போது செய்ய வேண்டும். எத்தனையோ வீடுகளில் துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்காவிலேயே, குட்டி ரிவால்வர் கைதேர்ந்தவர்களுக்கானது, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஆகாது என்று சொல்லும் பயிற்சியாளர்கள் பலர். பையிலோ பாக்கெட்டிலோ வைத்தால் விசையை மூடும் உறைக்குள் வைக்க வேண்டும், அது இருக்கும் இடத்தில் வேறு பொருளே இருக்கக் கூடாது என்பார்கள். நம் பையைத் திறந்து பாருங்கள். சீப்பு, சாவிக்கொத்து, ஹேர்பின், சில்லறை, டிபன் பாக்ஸ் ஸ்பூன். ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும். பஸ் டிக்கெட் எடுக்கவே ஒரு நிமிடம் துழாவுகிறோம். என் பை போக ஒரு நொடிகூட ஆகவில்லை.

நிர்பீக் வந்த அதே 2014ஆம் ஆண்டின் டிசம்பர் கடைசியில், அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் ஒரு தாய் இரண்டு வயது மகனோடு கடைக்குப் போனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த கைப்பை, முறையான உரிமம், எல்லாம் இருந்தது. தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த குழந்தை பைக்குள் கைவிட்டது, துப்பாக்கி வெடித்தது, தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அங்கேயும் பைதான். பை யார் கையில் இருக்கிறதோ துப்பாக்கி அவர்களுடையது, அது திருடனாக இருந்தாலும் குழந்தையாக இருந்தாலும்.

சரி, வாங்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் ஜவுளிக்கடைப் பெண் அந்த 2014 விலைக்கே பத்து மாதத்துக்கும் மேலான சம்பளத்தைச் சாப்பிடாமல் சேர்க்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கலெக்டர் அலுவலகம், போலீஸ் விசாரணை என்று அலைய வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இரவு பத்தரைக்குக் கடை சாத்தியதும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறவள் அவள். அவளுக்கா இந்த யோசனை?

இன்னொன்றையும் பந்தியில் சொல்ல நினைத்தேன், பெரியவர்கள் இருந்ததால் வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன். பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன், கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னவன், சொந்தக்காரன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்த வீடுகளில் கொண்டுபோய் ஒரு ரிவால்வரை வைத்தால் அது பீரோவில் இருக்கும். பீரோ சாவி யாரிடம் இருக்கும் சித்தப்பா?

பை போன அன்றிரவு புகார் கொடுக்கப் போனேன். அங்கே இருந்தவர் என் முழங்கை ரத்தத்தைப் பார்க்கவில்லை. "இந்நேரத்துல தனியா ஏம்மா வர்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். இரவு ஒன்பது மணி அது. ரிவால்வர் வாங்கிக்கொள் என்று சொல்கிறவர்களும் இதே கேள்வியைத்தான் வேறு மாதிரி கேட்கிறார்கள். உன்னைக் காப்பது உன் வேலை, ஏன் ஆயத்தமாக வரவில்லை என்கிறார்கள். தெருவிளக்கு எரியாதது, கடைசி டவுன் பஸ்ஸை நிறுத்தியது, புகாருக்கு ரசீது தர ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தது, இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

அத்தை மகளுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை யாராவது பந்தியில் இப்படிச் சொன்னால் தலையாட்டாதே அம்மு. உன் தெருவில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேள்.

என் பை இன்றுவரை கிடைக்கவில்லை.