கார்டு போட்டுச் சதுரங்கம்!

எதிரே ஆள் இல்லாமல் சதுரங்கம் ஆட முடியுமா?

முடியும். 1828-ம் ஆண்டில் சென்னையும் ஐதராபாத்தும் கடிதம் மூலமாகவே இரண்டு ஆட்டங்கள் ஆடின. அப்போது இங்கே ரெயில் கிடையாது. தபாலைச் சுமந்துகொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஒரு காய்க்குப் பதில் வருவதற்குள் பல நாட்கள் ஆகிவிடும். சென்னைக்காக ஆடிய குலாம் காசிம், காக்ரேன் என்ற வெள்ளைக்காரருடன் சேர்ந்து, 1829-ல் அந்த ஆட்டங்களைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

சீமையிலும் இப்படி ஒரு போட்டி நடந்தது. ஒரு பக்கம் லண்டன் மாநகரம். மறுபக்கம், அதைவிடப் பல மடங்கு சிறிய எடின்பரோ. 1824-ல் தொடங்கிய போட்டி 1828-ல் முடிந்தது. வென்றது எடின்பரோ!

கடித ஆட்டத்தின் சிறப்பு இதுதான். நேரில் வல்லவரைக் கண்டால் கை நடுங்கும். கடிதத்தில் அந்தப் பயம் இல்லை. ஆற அமர யோசிக்கலாம்.

ஆனால் அவகாசம் மட்டும் போதாது. 1999-ல் காஸ்பரோவை எதிர்த்து, இன்டர்நெட் வழியாக 50 ஆயிரம் பேருக்கு மேல் ஒன்றுகூடி ஓட்டுப் போட்டு ஆடினார்கள். ஒவ்வொரு காய்க்கும் ஒரு நாள் அவகாசம். 62 காய் நகர்த்தி, காஸ்பரோவே வென்றார்.

அப்படியானால் சின்னவர் பெரியவரோடு ஏன் ஆட வேண்டும்?

சதுரங்கத்தில் பலத்தைப் புள்ளி போட்டு அளக்கிறார்கள். இது எலோ என்ற பேராசிரியரின் கணக்கு. உலகச் சதுரங்க சம்மேளனம் 1970-ல் இதை ஏற்றது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் என்றால், 11 ஆட்டத்தில் பெரியவருக்குப் பத்து, சின்னவருக்கு ஒன்று என்பது கணக்கு. தோற்றால் சின்னவருக்கு நஷ்டம் கொஞ்சம். ஜெயித்தால் லாபம் அதிகம். பாடமோ இரண்டிலும் உண்டு!

இன்று கார்டின் வேலையைச் செல்போன் செய்கிறது. திருத்தணியில் இருக்கும் பையன், ரெயில் செலவு இல்லாமல் எந்த ஊர் வல்லவரோடும் ஆடலாம். ஆனால் அதே செல்போனில், காஸ்பரோவை விடப் பலமாக ஆடும் யந்திரமும் இருக்கிறது. அதைக் கேட்டுக் காய் நகர்த்தினால் யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆட்டம் கிடைக்கும், அறிவு கிடைக்காது.

பெற்றோர்களே! "ஜெயித்தாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நீயே யோசித்தாயா?" என்றும் கேளுங்கள்.

திருத்தணி மலைக்கு 365 படிகள். அடுத்தவர் தோளில் ஏறி உச்சிக்குப் போனவனுக்குக் கால் பலப்படாது. தம்பி, தோற்றாலும் பரவாயில்லை. உன் காயை நீயே நகர்த்து!