கண்ணாடிக்குள் கண்ணகி

நம் நூலகத்தின் சங்க இலக்கிய அடுக்கையும் காப்பிய அடுக்கையும் கம்பனையும் இரவல் பிரிவிலிருந்து எடுத்து, குறிப்புதவிப் பிரிவின் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்பது ஊரறிந்த செய்தி. வாசகர்கள் மனு கொடுத்தார்கள். மனுவுக்கு ஒன்றரைப் பத்தியில் பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதிலைப் படித்தவர்கள் யாரும் முடிவு மாறும் என்று இனி எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அதில் உள்ள ஒரு வாக்கியத்தைச் சும்மா விட்டுவிட நமக்கு மனமில்லை. இந்நூல்களை மாணவர்களும் ஆய்வாளர்களும் மட்டுமே பயன்படுத்துவதால் பொதுவாசகர்களுக்கு இதனால் பாதிப்பில்லையாம்.

மற்ற காரணங்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பழைய பதிப்புகள் கிழிகின்றன என்கிறார்கள். கிழிந்தால் பைண்டிங் செய்ய வேண்டியதுதானே? போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசை போட இடம் வேண்டும் என்கிறார்கள். தாராளமாகப் போடட்டும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண் காலை எட்டு மணிக்கே வந்து வாசலில் காத்திருப்பதை நாமும் பார்க்கிறோம், அவளுக்கு இடம் தருவதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அவள் உட்கார இடம் வேண்டுமென்றால் சிலப்பதிகாரம் ஏன் பூட்டுக்குள் போக வேண்டும் என்பதற்குப் பதில் இல்லை.

‘மாணவர்கள் மட்டுமே’ என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். பள்ளியில் நாமெல்லாம் சிலம்பைப் படித்தோமா? வழக்குரை காதையில் ஒரு துண்டைப் படித்தோம். அதையும் சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, அணி, மனப்பாடப் பகுதி என்று கூறு போட்டுப் படித்தோம். ஒற்றைச் சிலம்போடு ஒரு பெண் அரசவைக்குள் நுழைகிறாள், நியாயம் கேட்கிறாள், மன்னன் விழுந்து சாகிறான். ஐந்து மதிப்பெண். 30 காதைகள் கொண்ட ஒரு காப்பியத்தில் 20ஆம் காதையின் ஒரு பகுதியைப் படித்ததோடு பெரும்பாலோருக்கு அந்தக் கணக்கு முடிந்தது. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குப் பாடத்திட்டம் இருந்தது, ஜூனுக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்தாக வேண்டிய வேலை இருந்தது.

கல்யாணம், கடன், பெற்றவர்களின் மரணம், தாலுகா அலுவலக வரிசை என்று நாலையும் பார்த்து முடித்து, நாற்பதைத் தாண்டியவர் ஒருவர் அதே நூலைக் கையில் எடுக்கட்டும். முதல் பாடலிலேயே திடுக்கிடுவார். மணமேடையில் கண்ணகிக்கு வயது 12. கோவலனுக்கு 16. பள்ளிக்கூடத்தில் படித்தபோது நமக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான் என்பதால் அது உறைக்கவே இல்லை. மகளைப் பெற்ற பிறகு படித்தால் உறைக்கும்.

கோவலனையே எடுத்துக்கொள்வோம். பள்ளி நமக்குக் காட்டியவன் மனைவியை விட்டு மாதவியிடம் போய்ப் பொருளைத் தொலைத்தவன். அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையோன் வந்து வேறொரு கோவலனைப் பற்றிச் சொல்கிறான்: மதயானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரை மீட்டவன், கீரிப்பிள்ளையைக் கொன்ற பழியோடு கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பரிகாரம் தேடித் தந்தவன், பூதத்தின் கயிற்றில் சிக்கிய ஒருவனுக்காகத் தன்னுயிரைத் தருகிறேன் என்று முன்வந்தவன். இத்தனை நல்லவன் வீட்டில் இருந்தவளை மட்டும் எப்படி மறந்தான்? பதினாலு வயதுக்கு இந்தக் கேள்வி புரியாது. நடுவயதுக்காரர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

மதுரைக்குப் போகும் வழியில் மாதவியின் கடிதம் வந்து சேர்கிறதே, அது எந்தத் தேர்வில் கேட்கப்பட்டது? அவள் முதலில் அனுப்பிய கடிதத்தை வாங்க மறுத்தவன், கோசிகன் கொண்டுவரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தவறு அவளுடையதல்ல, தன்னுடையது என்று உணர்கிறான். அதோடு விடவில்லை. பெற்றோரிடம் தான் சொல்ல வேண்டியதும் அதில் அப்படியே இருக்கிறது என்று கண்டு, அதே ஓலையை அவர்களிடம் கொடுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறான். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து வார்த்தை வராமல் எழுந்தவர்களுக்கு இந்த இடத்தின் கனம் தெரியும்.

கொலைக்களக் காதையில், கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரை விட்டு வந்ததற்காகவும் தன் நடத்தைக்காகவும் கோவலன் வருந்துகிறான். அப்போது கண்ணகி சொல்லும் பதிலை நம்மில் எத்தனை பேர் பள்ளியில் கேட்டோம்? ஒன்றும் பேசாத பத்தினி என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கிறது. அவளோ, நீர் செய்தது உயர்ந்தோர் செய்யும் காரியமல்ல என்று அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். மாமனாரும் மாமியாரும் தன்னைப் பார்க்க வந்தபோது துயரத்தை மறைத்துப் பொய்யாகச் சிரித்ததையும், அந்தச் சிரிப்பைக் கண்டு அவர்கள் உள்ளுக்குள் நொந்ததையும் சொல்கிறாள். அரசவையில் பேசியவள் திடீரென்று பேசக் கற்றுக்கொள்ளவில்லை, வீட்டிலேயே பேசியிருக்கிறாள். இது தெரியாமல் வழக்குரை காதையை மட்டும் ஒப்பித்தவர்கள் நாம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஒரு பொற்கொல்லன் செய்த பழிக்காக ஆயிரம் பொற்கொல்லர்கள் பலியிடப்பட்டதாக அதே காப்பியம் சொல்கிறது. அடைக்கலம் தந்த மாதரி தீயில் விழுந்து இறந்ததையும், வழித்துணையாக வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதையும், இரு வீட்டுத் தாய்மாரும் மாண்டதையும் வஞ்சிக் காண்டத்தில்தான் கேட்கிறோம். நீதி கிடைத்தது என்ற இடத்தில் பாடநூல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த நீதியின் விலை எவ்வளவு என்று காப்பியம் கணக்குச் சொல்லிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கைப் படிக்க வேண்டியவர்கள் வாக்களிப்பவர்களும் வழக்காடுபவர்களும் பிள்ளை வளர்ப்பவர்களும். இவர்களுக்குத்தான் ‘பாதிப்பில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

பொதுவாசகர் என்பவர் இந்த நூல்களைத் தொடுவதில்லை என்ற எண்ணம் வரலாற்றுக்கே பொருந்தாது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கியபோது, இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் மாணவரும் அல்ல, ஆய்வாளரும் அல்ல. கும்பகோணத்துக்கு வேலையாக வந்த முன்சீப். அந்தப் பொதுவாசகரின் கேள்விதான் 1887இல் சீவக சிந்தாமணியாகவும் 1892இல் சிலப்பதிகாரமாகவும் அச்சேறியது. (அதே 1892இல்தான் புகாருக்குப் பக்கத்திலுள்ள சீர்காழியில் எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பதை நூலகவியலின் முதல் விதியாக எழுதியவர். அவர் படம் நம் நூலகத்தில் எந்த அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறது என்று நாம் சொல்லப்போவதில்லை. போய்ப் பார்க்கலாம்.)

பூட்டவில்லையே, அலுவலக நேரத்தில் கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து படிக்கலாமே என்று பதிலில் ஒரு சமாதானம் வேறு. அலுவலக நேரத்தில் அலுவலகம் போகிறவர்கள் என்ன செய்வது? உரையோடு கூடிய சிலப்பதிகாரம் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற புத்தகம் அல்ல. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஒரு காதை, உரையை ஒரு தடவை, மூலத்தை இரண்டு தடவை, புரியாத இடத்தில் தாள் வைத்துவிட்டு மறுநாள் என்று வாரக்கணக்கில் வீட்டில் கிடக்க வேண்டிய புத்தகம். இணையத்தில் இருக்கிறதே என்றும் சிலர் சொல்கிறார்கள். இருக்கிறது. 1998 முதல் மதுரைத் திட்டம் செய்துவரும் தொண்டுக்குத் தமிழர்கள் கடன்பட்டிருக்கிறார்கள். ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் கைப்பேசித் திரையில் அடியார்க்குநல்லார் உரையைத் தேய்த்துத் தேய்த்துப் படிக்கட்டும் என்று ஒரு நூலகமே சொல்லலாமா?

அதிலும் இது யாருடைய பணம்? சுதந்திர இந்தியாவில் பொது நூலகங்களுக்கென்று முதன்முதலில், 1948லேயே, சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம். வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி இன்றும் கட்டுகிறோம். மாணவர்களும் ஆய்வாளர்களும் மட்டும் கட்டும் வரியல்ல அது.

இந்த முடிவை எடுத்தவர்கள் இதற்கு முன் செய்தவற்றையும் ஒருமுறை நினைவூட்டிவிடுவது நல்லது. மாடியில் ஒழுகுகிறது என்று மூன்று மழைக்காலம் சொல்லிச் சொல்லி, கடைசியில் பழைய இலக்கிய இதழ்களின் பைண்டு தொகுப்புகள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பிறகு தார்ப்பாய் போட்டவர்கள் இவர்கள். ஊறியவற்றோடு ஊறாதவற்றையும் கழிவு நூல் என்று முத்திரை குத்தி எடைக்குப் போட்டவர்களும் இவர்களே. நூலக முத்திரையோடு அவை பழைய புத்தகக் கடைக்கு வந்தபோது, ஊர்க்காரர்கள் தங்கள் வரிப்பணத்தில் வாங்கிய புத்தகத்தையே மறுபடி காசு கொடுத்து வாங்கினார்கள். அடுத்து கணினி அறை. திறப்பு விழாவன்று வெட்டிய ரிப்பன் துண்டு இன்னும் அந்தக் கதவுப் பிடியில் தொங்குகிறது. கணினிகளுக்குப் போட்ட உறையை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

வாசகர் வட்டத்தின் கதையும் இப்படித்தான். மாதக் கடைசி ஞாயிறு மாலை ஓய்வுபெற்ற தபால்காரர், துணிக்கடைக் கணக்கர், பேரன் பேத்தி எடுத்த இரண்டு பெண்மணிகள் என்று பத்துப் பதினைந்து பேர் கூடிக் கம்பனில் ஒரு படலத்தைப் படித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாலி இராமனைக் கேட்கும் கேள்விகளில் அவர்கள் பல மாதம் நின்றுவிட்டார்கள் என்று கேள்வி. பள்ளியில் குகனோடு நின்றுபோனவர்கள், அறுபது வயதில் வாலிக்காக வாதாடினார்கள். மின்விசிறிக்கும் விளக்குக்கும் செலவாகிறது, இருந்து பூட்ட ஆளில்லை என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். இப்போது அந்த நூல்களைப் பொதுவாசகர்கள் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கை எழுதுகிறார்கள். படித்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் படிக்க ஆளில்லை என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

2001இல் சென்னைக் கடற்கரையில் கண்ணகி சிலையை எடுத்தபோது இந்த மாநிலமே பேசியது. 2006இல் சிலை திரும்பி வந்தது. சிலை வைக்கவும் எடுக்கவும் மீண்டும் வைக்கவும் நமக்கு ஆர்வம் உண்டு. அவளைப் பற்றிய நூலை அடுக்கிலிருந்து எடுத்தால் மனுவில் கையெழுத்துப் போட இருபது பேரைத் தேட வேண்டியிருக்கிறது. இதை அவர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

இவர்கள் அந்த நூலைப் பூட்டுவதற்கு முன் ஒரு காதையையாவது புரட்டியிருந்தால் கொஞ்சம் கூசியிருப்பார்கள். பாண்டியன் கெட்டவன் அல்ல. ஊடலில் இருந்த அரசியைச் சமாதானம் செய்யப் போகிற அவசரத்தில், அவள் மாளிகை வாசலில் ஒருவன் வந்து சொன்னதைக் கேட்டு, விசாரிக்காமல், நின்ற நிலையில் ஓர் உத்தரவு போட்டான். உத்தரவோடு போன காவலர்களுக்கே சந்தேகம் வந்தது. இவனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்றார்கள். சந்தேகப்பட்டவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கல்லாத, குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிட்டான். நம் நூலகத்திலும் சந்தேகப்பட்ட ஊழியர்கள் இருந்தார்கள் என்று அறிகிறோம். அடுக்குகளை இறக்கும்போது, இரவல் பேரேட்டை ஒருமுறை பார்த்துவிடலாமே என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். மேலிடத்து உத்தரவு என்று வாயை அடைத்துவிட்டார்கள். பாண்டியனாவது தவறு தெரிந்ததும் அந்த இடத்திலேயே உயிரை விட்டான். இவர்கள் ஒரு சுற்றறிக்கையைத் திரும்பப் பெறக்கூட யோசிக்கிறார்கள்.

என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். வழி இல்லாமலா போகும்? அரிய பதிப்புகளைப் பாதுகாக்க வேண்டுமென்றால் பாதுகாக்கட்டும், புழங்குவதற்கு வேறு படிகள் வாங்கட்டும். ஒரு நூலுக்கு இரண்டு படி வாங்குவது நடக்காத காரியமல்ல. வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் ஏதாவது ஓர் ஏற்பாடு செய்யட்டும். வாசகர்களை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கட்டும். எதுவானாலும் விரைவில் செய்ய வேண்டும். அதற்கு முன்பாக ஒரு சின்ன விஷயம்: போன வாரம் மணிமேகலை கேட்டுப் போனவரிடம், அலமாரிச் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லையாம்.