மணி என்ன? ஊர் நேரமா, இங்க நேரமா?

நம்ம வகுப்பிலிருந்து இன்னும் ரெண்டு பேர் இந்த அக்டோபரில் ஜெர்மனிக்குக் கிளம்புகிறார்கள். அதில் ஒருத்தன் போன வாரம் கேட்டான். "மக்கா, அங்க வீட்டு ஞாபகம் வந்தா என்னலே செய்வே?" நான் ரொம்பப் பெரிய ஆள் மாதிரி, "அதெல்லாம் ரெண்டு வாரத்துல சரியாயிரும்லே" என்று சொல்லி வைத்துவிட்டேன். பச்சைப் பொய். எனக்கு அது ஐந்து மாதம் இழுத்தது. போகிற போக்கில் ஒரு பாடத்தையும் காவு வாங்கியது. அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்ததை இங்கே எழுதுகிறேன். முகம் தெரியாத நண்பர்களும் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளவும்.

கிளம்பும்போது எல்லோரும் சொல்கிற அறிவுரை என்ன? தினமும் வீட்டுக்குப் பேசு. நம்ம ஆட்களோடயே இரு. நம்ம சாப்பாட்டை விட்டுராதே. கடைசி ரெண்டில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. முதலாவதில்தான் தகராறு. தினமும் மணிக்கணக்கில் வீட்டுக்கு வீடியோ கால் போடுவது அந்த ஏக்கத்துக்கு மருந்து இல்லை, தீனி. இதுதான் என் கட்சி. அம்மாமார்கள் அடிக்க வருவதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் :-)

நான் இருப்பது டோர்ட்முண்டில். குளிர்காலத்தில் இந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா அடுக்களை வேலை முடித்து, விளக்கேற்றி, ஓய்ந்து உட்காருவது சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போது இங்கே மத்தியானம் ஒன்றரை. "ஏய்யா, சாப்டியா?" என்று ஆரம்பித்தால் அப்பா வந்து, தங்கச்சி வந்து, ஆச்சி வந்து, பக்கத்து வீட்டு அத்தை எட்டிப்பார்த்து, எல்லாம் முடிய அங்கே ராத்திரி ஒன்பது. இங்கே நாலரை. டிசம்பரில் இங்கே சூரியன் காலை எட்டரைக்கு எழுந்து சாயங்காலம் நாலு இருபதுக்கெல்லாம் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் தூக்கம், மத்தியானம் போன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. கூடப் படிப்பவர்கள் சேர்ந்து காப்பி குடிக்கப் போவது, யாராவது நோட்ஸ் கொடுப்பது, மத்தியான லேப், எல்லாமே அந்த மூன்று மணி நேரத்தில்தான் நடக்கும். அதில் எதிலும் நான் இல்லை. அப்புறம் "இந்த ஊர்ல ஒருத்தனும் பேச மாட்டேங்கிறான்" என்று அம்மாவிடமே புலம்பல் வேறு.

ராத்திரி இன்னும் மோசம். இங்கே எட்டு மணி என்றால் ஊரில் பன்னிரண்டரை. வாட்ஸப் குழுவில் ஈ காக்கா இருக்காது. தங்கச்சி ப்ளஸ் டூ என்பதால் ஐந்தரைக்குப் படிக்க எழுந்துவிடுவாள். ஆச்சி வாசல் தெளிப்பதை அவள் போனில் காட்டுவாள். அப்போது இங்கே ராத்திரி ஒரு மணி. அந்த வாசலைப் பார்ப்பதற்காக முழித்துக் கிடப்பேன். அப்புறம் காலை எட்டரை வகுப்புக்கு எங்கே போக? அப்பா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை இறங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. அது பாட்டுக்குப் பாளையங்கோட்டை நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் பரீட்சை. ஒன்று ஊத்திக்கிச்சு. இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கேயும் தொடர முடியாமல் போகலாம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 11,904 யூரோ. ரூபாயில் மாற்றினால் எத்தனை லட்சம் என்று கிளம்புகிறவர்களுக்குத் தெரியும். அப்பா அதை எப்படிப் புரட்டினார் என்பது எனக்குத் தெரியும். ரிசல்ட் வந்த அன்றைக்கும் ஒன்றரைக்கு போன் வந்தது. "நல்லா இருக்கேம்மா. சாப்டேன்" என்றேன். ரெண்டுமே பொய்.

தூக்கம் வராமல் நெட்டில் மேய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சங்கதி கிடைத்தது. இந்த ஏக்கத்துக்கு வைத்தியப் பெயர் வைத்ததே ஒரு மாணவர்தான்! யோஹன்னஸ் ஹோஃபர். இருபது வயசுகூட நிரம்பாதவர், 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் படிக்கும்போது தன் ஆய்வேட்டை இதைப் பற்றித்தான் எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற ரெண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து 'நாஸ்டால்ஜியா' என்றார். இன்றைக்கு நாம் பழைய பாட்டு கேட்டால் சொல்கிற அதே வார்த்தை அன்றைக்கு ஒரு வியாதியின் பெயர். அதில் ஒரு நோயாளி வருகிறான். பெர்ன் நகரத்துப் பையன், பாசெலுக்குப் படிக்க வந்தவன். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, சாகக் கிடக்கிறான். வேறு வழியில்லாமல் ஊருக்கு அனுப்புகிறார்கள். பெர்ன் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, வழியிலேயே அவனுக்குக் குணமாகிவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். நானும்தான் தினமும் ஊருக்குப் போகிறேன், எனக்கு ஏன் குணமாகவில்லை? எனக்குத் தோன்றிய பதில் இது. அந்தப் பையன் போய்க்கொண்டிருந்தான். நான் ஒவ்வொரு நாளும் போய், வாசற்படி வரைக்கும் தொட்டுவிட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஏர்போர்ட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தது ஒரே ஒரு தடவை. நான்தான் அதை நூற்றைம்பது தடவை திரும்ப நடத்திக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கே ஞாயிறு என்றால் கடைகள் மூடிக் கிடக்கும், நம்ம ஊர் பந்த் மாதிரி. அறையில் இருக்கப் பிடிக்காமல் பக்கத்தில் இருக்கும் ஹாம் நகருக்கு ரயிலேறினேன். அங்கே ஒரு தொழிற்பேட்டை ஓரத்தில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு ஆனது. 17 மீட்டர் கோபுரம். தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுக்கவிருந்து ஆயிரக்கணக்கில் வருவார்கள். நான் போனது சாதாரண நாள், கூட்டமில்லை. தூண் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அறுபதைத் தாண்டியவர், பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எவ்விடம்?"

"திருநெல்வேலி ஐயா."

"அட, நானும் திருநெல்வேலிதான்!"

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு திருநெல்வேலி இருக்கிறது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே அங்கேதான் என்று எனக்கு அதுவரை தெரியாது. (என் பொது அறிவைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.) 1985-இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்தாராம். அப்போதெல்லாம் கடிதம்தான். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசித் தொடர்பே அறுந்து கிடந்த வருடங்களில், அம்மா உயிரோடு இருக்கிறாரா என்பதையே கொழும்புக்கு வந்து போகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருக்கிறார். இதையெல்லாம் ஏதோ பஸ் லேட்டாக வந்த கதை மாதிரி சொன்னார். எனக்கு என் துக்கம் ரொம்பச் சின்னதாகி, கூசிப்போனது. தப்பித்துக்கொள்ள, "நான் தினமும் வீட்டுக்கு மூணு மணி நேரம் பேசிருவேன் ஐயா" என்றேன்.

"மூண்டு மணித்தியாலமோ?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப தம்பி எப்ப சமைக்கிறனீர்? எப்ப படிக்கிறனீர்?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குத்தான் பதில் இல்லை.

அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போய் இடியாப்பமும் சொதியும் போட்டார்கள். அவர்கள் சொதி வேறு, நம்ம சொதி வேறு. நம்மளது பாசிப்பருப்பும் காய்கறியுமாகக் கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு, அவர்களது தண்ணீராய் ஓடும் தேங்காய்ப்பால். எது உசத்தி என்று அந்த அம்மாவோடு அரை மணி நேரம் சண்டை போட்டேன். ஜெர்மனிக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது. அன்றைக்கு வீட்டுக்கு போன் பண்ண மறந்தே போனேன்.

மார்ச் கடைசி ஞாயிறு இங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நான் அன்றைக்குத்தான் என் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினேன். அம்மாவிடம் இனி புதனும் ஞாயிறும் மட்டும்தான் என்று சொன்னேன். அழுதாள். ரெண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் சரியென்றே நினைக்கிறேன்.

அந்த முதல் புதன்கிழமை அப்பாவிடம் பரீட்சை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். தினமும் மூன்று மணி நேரம் பேசியும் வாயில் வராத சங்கதி, இருபது நிமிடத்தில் வந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் பம்பாய்ல வேலைக்குப் போயி எட்டு மாசத்துல திரும்பி வந்தேம்லா, கம்பெனிய மூடிட்டான்னு சொன்னது பொய்டே. இருக்க முடியல, வந்துட்டேன்" என்றார். அம்மாவுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும்!

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தினமும் பேசத்தான் வேண்டும். அதே போல, வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, எழவே மனசில்லை என்றால் அது வெறும் வீட்டு ஞாபகம் இல்லை. இங்கே மாணவர் நல அமைப்புகளில் மனநல ஆலோசனை இருக்கிறது, பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அந்தப் பாடத்தை ரெண்டாவது முயற்சியில் தாண்டிவிட்டேன், மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். அக்டோபரில் வருகிற ரெண்டு பேருக்கும்: முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹாம் ரயில் நிலையத்தில் நிற்கிறேன். சொதி சண்டையில் என் பக்கம் ஆள் குறைகிறது. பதினோரு மணி என்றால் இங்க நேரம்லே.