பசுவின் மடியில் பறவைக் காய்ச்சல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறவைப் பசுக்களைப் பறவைக் காய்ச்சல் பீடித்த விருத்தாந்தம் உலகத்தார் யாவரும் ஊன்றி யோசிக்கத் தக்கது. 1997-ம் வருஷத்தில் ஹாங்காங்கில் 18 பேரைப் பற்றி 6 பேரை மாய்த்த எச்5என்1 கிருமியின் வமிசமே இது. பசுக்களை இக்கிருமி எளிதில் அண்டாதென்றே நிபுணர்கள் கருதியிருந்தனர். 2024 மார்ச்சு 25-ம் தேதி டெக்ஸாஸ், கான்ஸாஸ் மாகாணப் பசுக்களிடம் இது காணப்பட்டதாக வாஷிங்டன் சர்க்கார் அறிவித்ததும் அக்கருத்துத் தகர்ந்தது.

சுவாச நோய்க் கிருமியென்று பெயர் பெற்ற இது, பசுவினிடம் மடியையே முக்கியமாகப் பற்றிற்று. பால் திரிந்து மஞ்சளித்தது, கறவை குன்றியது. பசுவுக்குப் பசு மாற்றிப் பூட்டும் கறவை யந்திரம் கிருமிக்கு வாகனமாயிற்று. காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் மாண்டன. ஏப்ரல் 1-ம் தேதி டெக்ஸாஸ் பண்ணைத் தொழிலாளி ஒருவருக்குக் கண்ணோயாக இது தொற்றியது வெளியாயிற்று. கிருமியின் வமிசாவளியை ஆராய்ந்தோர், 2023-ன் இறுதியிலேயே அது பறவையினின்று பசுவுக்குத் தாவியதென மதிப்பிட்டனர். அதாவது, பல வாரங்கள் அது ஒருவர் கண்ணிலும் படாமல் உலவியிருக்கிறது.

கண்ட பின்னராவது விரைந்தார்களா? மாகாணம் விட்டு மாகாணம் செல்லும் கறவைப் பசுக்களைச் சோதிக்கும் உத்தரவு ஏப்ரல் இறுதியில் அமுலுக்கு வந்தது. தேசமெங்கும் பாலைச் சோதிக்கும் கட்டளையோ டிசம்பர் 6-ம் தேதிதான் பிறந்தது! அதற்குள் கலிபோர்னியாவின் நூற்றுக்கணக்கான மந்தைகள் பீடிக்கப்பட்டன. டிசம்பர் 18-ம் தேதி அம்மாகாணத்தில் அவசர நிலை பிரகடனமாயிற்று.

தாமதத்தின் காரணம் அறியாமை மட்டுமன்று. கொல்லப்படும் கோழிகளுக்கு நஷ்டஈடு தரும் ஏற்பாடு முன்னரே இருந்தது. குன்றிய பாலுக்கு ஈடு சில மாதங்கள் சென்றே வந்தது. நோயைச் சொன்னால் வியாபாரம் கெடுமென்று உடையவர் அஞ்சினர். சொன்னால் கூலி போகும், நாட்டை விட்டே துரத்தப்படுவோம் என்று, குடியேறி வந்து பால் கறக்கும் ஏழைகள் அஞ்சினர். 2025-ன் தொடக்கத்திற்குள் கிருமி தொற்றிய ஏறக்குறைய 70 பேரில் பெரும்பாலார் பால் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் உழைத்தவர்களே.

பாஸ்டியூர் முறையில் காய்ச்சிய பாலில் கிருமி மடிந்துவிடுகிறது. அந்நாட்டில் மனிதரினின்று மனிதருக்கு அது பரவியதாகவும் காணப்படவில்லை. இவை ஆறுதலே, எனினும் அசட்டைக்கு அனுமதிச் சீட்டல்ல. ஒவ்வொரு புதிய உடலும் கிருமிக்கு ஒரு பாடசாலையாகும். உண்மையைச் சொன்னவன் நஷ்டமடையவும், மறைத்தவன் தப்பவும் இடங்கொடுக்கும் ராஜ்யம் எந்தத் தொற்று நோயையும் வெல்லாது. மந்தைக்கு ஈடும், நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியும், பயமின்றிச் சிகிச்சையும் முதல் நாளே அளிப்பது தருமமன்று, தற்காப்பேயாகும்.